லினக்ஸும் இருபது புடவையும்

வீட்டுல இருக்குற பழைய கம்ப்யூட்டரை இன்னிக்கு காயலான் கடைக்குப் போட்றலாம்னு சொன்னா என் மனைவி. சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டேன்.

முதல்ல பென்டிரைவ்ல, விண்டோஸுக்குப் பதிலா பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடுற லுபுன்டுங்கிற இலவச லினக்ஸைப் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா இதைவிட நல்லது கிடைக்கும்னு இன்னும் ஆறு லினக்ஸ் மாத்திப் பாத்தேன். ஒண்ணு ஊர்ந்துச்சு, ஒண்ணுல சத்தமே வரல.

அவளுக்கு தி.நகர்ல புடவைக் கடை வேலை. வந்து பாத்துட்டு சொன்னா:

"இருபது புடவையைப் பிரிக்க சொல்லிட்டு, கடைசில முதல்ல காட்னதையேதான் எடுப்பாங்க. மீதியை மடிக்கிறது நாங்க."

லுபுன்டுவையே ஏத்திட்டேன். பொண்ணு இப்ப அதுலதான் ஹோம்வொர்க் டைப் பண்ணிக்கினு இருக்கா.

மேஜைல இறைஞ்சு கிடந்த பென்டிரைவை எல்லாம் நானே எடுத்து வெச்சேன். நீங்க எத்தனையாவதுல நிறுத்துவீங்க, லினக்ஸ்லயும் புடவைலயும்?