குயில் குஞ்சும் அப்பாவின் விளக்கக் கடிதமும்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அபிராமபுரம் வீட்டுக்கு இணையம் வந்தது. அப்பா வங்கியில் உதவி மேலாளர். இணைப்பு அவர் பெயரில் இருந்தது. அனுப்பும் ஒவ்வொரு மடலின் அடியிலும் அவர் பெயரும் பதவியும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். அப்படி அமைத்து வைத்தவரும் அவரே. எல்லாம் தொலைபேசி வழியாகத்தான் என்பதால், மேற்கு மாம்பலத்துச் சித்தி ஒருநாள் நேரிலேயே வந்து, "உங்காத்து போன் எப்பவும் எங்கேஜ்டாவே இருக்கே, யாரோட அப்படிப் பேசிண்டிருக்கேள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதன்பின் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. காலையில் ஒரே ஒரு முறை மோடம் கீச்சிடும். வந்த மடல்கள் இறங்கும், எழுதி வைத்தவை போகும். உடனே துண்டித்துவிட வேண்டும்.

என் ஆங்கிலம் தேறட்டும் என்று, பறவை பார்ப்பவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் அப்பா சேர்ந்தார். அதில் ஒருவர் எழுதினால் எல்லோருடைய பெட்டிக்கும் வரும். எழுதியவர்கள் பேராசிரியர்கள், வன அதிகாரிகள், மருத்துவர்கள். ஒரு கொக்கின் கால் நிறத்தைப் பற்றி அவர்கள் வாரக்கணக்கில் வாதாடினார்கள். பெரியவர்கள் கூடினால் கல்யாணப் பேச்சும் சர்க்கரை வியாதியும்தான் என்று நினைத்திருந்த நான் வாய் பிளந்து படித்தேன். படிக்கலாம், எழுதக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

குழுவில் எல்லோரும் மதித்தவர் பெங்களூரில் இருந்த ஓர் ஆராய்ச்சியாளர், பெண்மணி. அந்தக் கோடையில் அவர் எழுதினார்: காக்கைக் கூட்டில் பொரியும் குயில் குஞ்சு, கூட இருக்கும் காக்கைக் குஞ்சுகளை வெளியே தள்ளிவிடும்.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வாதாமரத்தில் ஒரு காக்கைக் கூடு தெரியும். வடாம் காயப்போட அம்மா குடையோடுதான் மாடியேறுவாள். வெயிலுக்காக அல்ல, காக்கை தலையில் கொத்தும் என்பதற்காக. கூட்டில் இரண்டு குஞ்சுகள். ஒன்று முழுக் கறுப்பு. மற்றதன் இறக்கையில் வெளிர்ப் புள்ளிகள், அது குயில். யாரும் யாரையும் தள்ளவில்லை. அதை எழுதி, போக வேண்டிய மடல்களோடு வைத்துவிட்டேன். அடியில் அப்பாவின் பெயர், உதவி மேலாளர்.

பெங்களூரிலிருந்து வந்த பதில் "ஐயா" என்று தொடங்கியது. கூடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது? பார்த்தது வெறும் கண்ணாலா, பைனாகுலரிலா? இரண்டும் ஒரே கூட்டில் பொரிந்தவை என்று எப்படித் தெரியும்? தாய்க் காகம் முதலில் எதற்கு ஊட்டுகிறது? கேள்விகளுக்கு எண் போட்டிருந்தார்.

அப்பா வெளிறிப்போனார். அவருடைய வங்கியில் எண் போட்ட கேள்விகள் ஒருவருக்கு வந்தால், அடுத்து வருவது சஸ்பென்ஷன்.

"மெமோ கொடுத்திருக்காடி. யாரைக் கேட்டு எழுதினே?"

"பார்த்ததைத்தானே எழுதினேன்."

"அவா எத்தனை வருஷம் படிச்சவா. நீ மாடியிலேர்ந்து பார்த்துட்டு இல்லேம்பியா?"

அம்மா சமையலறையிலிருந்து, "என் மண்டையைக் கொத்தினதே, அந்தக் காக்காவுக்கு யாரு மெமோ கொடுப்பா?" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. திட்டிப் பதில் வந்தால் அன்றைக்கே குழுவிலிருந்து விலகிவிடுவதாகச் சொல்லிவிட்டு அலுவலகம் போனார்.

பகல் முழுவதும் உட்கார்ந்து கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைத்தேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் தெரியவில்லை, விட்டுவிட்டேன். மாலையில் அப்பா வந்து தம் விளக்கத்தை எழுதினார்: மேற்படி மடல் பன்னிரண்டு வயதான என் மகளால், என் அனுமதியின்றி எழுதப்பட்டது. வருந்துகிறேன். அதை எழுதப்படாததாகவே கருத வேண்டுகிறேன்.

மறுநாள் காலை மோடம் கீச்சிட்டது.

"என்னடி, ரெண்டு போறது?"

"முதல்ல போனது என்னோடது."

அப்பா ஒயரைப் பிடுங்கினார். என்னுடையது போய்விட்டது, அவருடையது பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

சில நாட்கள் பெங்களூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அதுவே கடைசி என்று நினைத்துத்தான் பெட்டியைத் திறந்தேன். பிறகு பெங்களூர்க்காரர் குழு முழுவதற்கும் எழுதினார்: ஐரோப்பியக் குயிலைப் பற்றிப் படித்ததை நம் ஊர்க் குயிலுக்கும் பொருத்தி இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு கூட்டின் கீழேயும் நானே உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் சொன்னது தவறு.

அப்பா எழுத்துக் கூட்டுகிறவர்போல இரண்டு முறை படித்தார். "எங்க பேங்க்ல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். வீட்டிலோ பள்ளியிலோ எந்தப் பெரியவரும் தம்மைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இவர் அத்தனை பேர் முன்னால் எழுதியிருந்தார். அந்த வரி நிஜந்தானா என்று திரையைத் தொட்டுப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு வரி தனியாக இருந்தது. "அபிராமபுரத்திலிருந்து எழுதியவருக்கு: நான்காவது கேள்விக்குப் பதில் வரவில்லை."

அவ்வளவுதான். சின்னப் பெண், கெட்டிக்காரி என்று ஒரு சொல் கிடையாது. என் முகம் சுருங்கிவிட்டது. அப்பாதான் அம்மாவின் குடையை எடுத்து விரித்துக்கொண்டு, "வா, எதுக்கு முதல்ல ஊட்டறதுன்னு பார்த்துடலாம்" என்று மாடியேறினார்.

என் வயதைச் சொல்லி அப்பா எழுதிய அந்த மடல் பெங்களூருக்குப் போய்ச் சேரவேயில்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தது.