ஷின்யீயின் சனிக்கிழமை

புரோசார்ட்டில், பிரெஞ்சில் படிப்பிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் றெஜினாவுக்கு மதிய வேலை. பிள்ளைகளின் சாப்பாட்டைக் கவனிப்பது, மேசை துடைப்பது, சண்டை விலக்குவது. பன்னிரண்டு வருடமாக அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அதற்காக அபிப்பிராயம் இல்லாமற் போய்விடுமா?

ஒன்பது வயதுச் சீனச் சிறுமி ஷின்யீ ஐந்து மாதமாக வகுப்பில் வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் தாய் படிவத்தில் கையெழுத்து வைத்தால், எங்கோ தூரத்திலுள்ள சிறப்பு வகுப்புக்கு அவளை அனுப்பிவிடுவார்கள். தாய் வைத்துவிடுவாள். ஆசிரியை சொன்னால் அந்த மனுசிக்கு வேதவாக்கு. "சீனத்தைக் கொஞ்சம் குறையுங்கள்" என்றதற்கு, சனிக்கிழமைச் சீனப் பள்ளியையே நிறுத்தியவள்.

அந்தச் சீனப் பள்ளி நடப்பது றெஜினா போகும் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்தில். அது முடிந்ததும் தமிழ்ப் பிள்ளைகளின் மறைக்கல்வி. முன்பு கதிரை அடுக்கப் போனபோது றெஜினா கண்ணால் கண்டிருக்கிறாள்: இதே ஷின்யீ, புதிதாக வந்த சின்னதுகளை இருத்தி, பிரெஞ்சுப் பாடத்தைச் சீனத்தில் விளக்கி, பிறகு பிரெஞ்சில் சொல்லவைத்துக்கொண்டிருந்தாள்.

"உம்மட வேலையைப் பாரும்" என்றார் கணவர் கிறகரி. "இருக்கிற வேலையும் போயிடும்."

"எங்கட ஜெனாட்டுக்கும் தமிழைக் குறைக்கச் சொல்லித்தானே பள்ளிக்கூடத்தில சொன்னவை. நாங்களும் தலையாட்டினனாங்கள். இப்ப என்ர பிள்ளையோட ஆறுதலா நாலு வசனம் கதைக்க வழியில்லை."

கிறகரி கோப்பையைக் கழுவப் போனார்.

வியாழக்கிழமை, மேசை துடைத்த துணியோடு கூட்ட அறைக்குள் போனாள். பேனை தாயின் கையில் இருந்தது.

"உங்களை யாரும் அழைக்கவில்லையே" என்றார் அதிபர்.

ஆனாலும் றெஜினா தெரிந்த பிரெஞ்சில் கண்டதைச் சொன்னாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் அதைச் சீனத்தில் சொன்னார். தாய் பேனையை மேசையில் வைத்தாள். "சனிக்கிழமை சீனப் பள்ளிக்குக் கூட்டிவருகிறேன்" என்றாள் ஆசிரியையிடம். "நீங்களும் வாருங்கள்."

ஆசிரியை வந்தாள். றெஜினா அவளை உள்ளே விடவில்லை; கண்டால் பிள்ளையின் வாய் அடைத்துவிடும். இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். பத்து நிமிடமாக உள்ளே சீனம் மட்டும்தான் கேட்டது. ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிறகு ஷின்யீயின் குரல் பிரெஞ்சில் கேட்டது. ஆசிரியையின் அதே பாடம், அதே இழுவை, பிள்ளைகளை அடக்கும் அதே அதட்டல்கூட.

"எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்" என்ற ஆசிரியை, படிவத்தை இரண்டாகக் கிழித்துப் பைக்குள் போட்டாள்.

றெஜினா சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. ஜெனாட்டுக்காக அவள் எந்தக் கதவையும் தட்டியிருக்கவில்லை.