பேச்சிமுத்துவின் ராடு இல்லாத எஞ்சின்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து விழிஞ்ஞத்தில் கடை போட்டவன் பேச்சிமுத்து. வள்ளத்து எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது தொழில். கட்டியது கடற்கரைக் குடும்பத்துப் பெண் ஜெபமலரை. அவன் சாமி வேறு, அவள் கோயில் வேறு என்று இரண்டு பக்கத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலில் மனம் இறங்கியவள் மாமியார்தான். மூத்த மகன் கிளீட்டஸின் எஞ்சின் கெட்டுக் கிடந்தபோது, நம்ம மருமகன் இருக்க வேறு ஆளைத் தேடுவதா என்று அவளே ஆள் அனுப்பினாள். அது முதல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்கு அவள் வீட்டில். குழம்பில் கிடக்கிற மீன் தலை யார் கேட்டாலும் கிடைக்காது. அது மருமகன் தட்டுக்குத்தான்.

அந்தக் கிளீட்டஸ்தான் ஒரு ஆனி மாதம் கடலோடு போனான். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க் என்கிற வளைந்த தண்டு. இரண்டையும் இணைத்துப் பிடிப்பது கனெக்டிங் ராடு. நடுக்கடலில் அந்த ராடு முறிந்து எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எஞ்சின் செத்த வள்ளத்தை அலை புரட்டிப் போட்டது. ராடு புதுசு. மாட்டியவன் பேச்சிமுத்து.

அவன் மேல் தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அவன் முற்றத்தில் கால் வைத்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. ஊர் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஒரு கிழவி பேசாதது அவனை அரித்தது.

ராடே இல்லாத எஞ்சின் செய்தால் என்ன என்ற நினைப்பு அப்போது பிடித்ததுதான். அப்படி ஒன்றை யாரோ வெளிநாட்டுக்காரன் ஓட்டிக் காட்டியதைப் போனில் பார்த்திருந்தான். கிராங்கும் கிடையாது, ராடும் கிடையாது. ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பு அலை மாதிரி ஏறி இறங்கும். பிஸ்டனின் அடியில் இரண்டு உருளைகள் அந்த விளிம்பை மேலும் கீழுமாகக் கவ்விக்கொள்ளும். பிஸ்டன் அழுத்தும்போது உருளை சரிவில் இறங்கும், தகடு சுழலும். முறிவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று நம்பினான்.

கரமனையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஹரிகுமாரிடம் வருஷக்கணக்கில் நடையாய் நடந்தான். முதல் தகடு விரிசல் விட்டது. அடுத்ததில் உருளை சுழலாமல் இறுகிக்கொண்டது. துறையில் கேலி பேசினார்கள். எலும்பில்லாத கோழிக்கறி தெரியும், இதென்ன எலும்பில்லாத எஞ்சின் என்று கேட்டான் ஒருவன். பேச்சிமுத்து அடுத்த தகட்டைக் கடையக் கொடுத்தான். இந்த எஞ்சினைப் பூட்டிய வள்ளம் ஒரு தடவை போய்த் திரும்பட்டும், மாமியார் வீட்டு முற்றத்தில் போய் நிற்கலாம் என்பது ஒன்றே மனசில் இருந்தது.

கடைசியில் கடை முன்னால் தண்ணீர் டிரம்முக்குள் நின்று அது சாயங்காலம் முழுக்க ஓடியது. அதிர்வு குறைவு, சத்தமும் தணிவு. பார்த்துக்கொண்டிருந்த ஜெபமலரின் தம்பி லிஜோ, அத்தானை அளியா என்று கூப்பிடுகிறவன், தானாகவே சொன்னான். "அளியா, இத நான் கொண்டுபோறேன். அம்மைக்குத் தெரிய வேண்டாம்."

பேச்சிமுத்து அவனிடம் ஒன்றுதான் கட்டாயமாகச் சொன்னான். இது பெட்ரோலில் மட்டும் ஓட வேண்டும், மண்ணெண்ணெய் காட்டவே கூடாது. அந்தத் தகடும் உருளையும் பெட்ரோலில் கலந்து வருகிற ஆயிலை நம்பித்தான் வழுக்குகின்றன. பெட்ரோல் ஆவியாகிப் போகும், ஆயில் ஒட்டி நிற்கும். மண்ணெண்ணெய் அந்த ஆயிலைக் கழுவிக்கொண்டு போய்விடும். லிஜோ சரி சரி என்று தலையாட்டினான்.

அந்தக் கரையில் வழக்கம் வேறு. பெட்ரோலில் இழுத்து ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி விலை மலிவான மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோல். கண் வலையில் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கை குழாயைத் திருப்பும்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் லிஜோவும் ஒரு கூட்டாளியும் இறங்கினார்கள். போகும்போது கை காட்டினான். பேச்சிமுத்து கரையிலேயே நின்றான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, இவர்கள் வரவில்லை. பிறகு யாரோ ஓடிவந்து சொன்னார்கள், எஞ்சின் நின்றுபோன வள்ளம் ஒன்று நீரோட்டத்தில் மிதந்து போய்ப் புலிமுட்டுக் கல்லில் அடித்துவிட்டது என்று. கடலுக்குள் நீட்டிப் போட்ட அந்தப் பாறைக் கட்டு எஞ்சினில்லாத வள்ளத்தை விடாது. வள்ளம் பலகை பலகையாகப் போனது. கூட்டாளி நீந்தி ஏறினான். லிஜோவின் இடுப்பும் தொடையும் கல்லுக்கு நடுவில் நசுங்கின.

இரண்டு நாள் கழித்து, ஆசுபத்திரிக் கட்டிலில் லிஜோ கண் திறந்தான். உயிருக்குப் பயமில்லை, இனி கடலில் இறங்குவது நடக்காது என்று டாக்டர் முந்தியே சொல்லியிருந்தார். பேச்சிமுத்து பக்கத்தில் குனிந்தான்.

"நெனச்சுச் செய்யல, அளியா," என்றான் லிஜோ. "எஞ்சின் சூடாச்சு. கை தானாப் போயி குழாயத் திருப்பிச்சு. தெரிஞ்சப்போ நின்னாச்சு."

பேச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. லிஜோ திருப்ப அங்கே குழாய் எப்படி வந்தது? பெட்ரோல் மட்டும் என்று வாயால் சொன்னவன், வள்ளத்தில் எஞ்சினை ஏற்றும்போது, எல்லா எஞ்சினுக்கும் மாட்டுகிற இருவழிக் குழாயையே இதற்கும் மாட்டியிருந்தான். ஒரு பக்கம் பெட்ரோல் கேன், மறுபக்கம் மண்ணெண்ணெய்க் கேன். அவன் கையும் யோசிக்கவில்லை.

"உன் கை இல்ல மச்சான், என் கை," என்றான். மருந்து மயக்கத்தில் லிஜோ மறுபடி தூங்கிவிட்டிருந்தான்.

வெளியே வராந்தாவில் மாமியார் உட்கார்ந்திருந்தாள், ஜெபமலர் பக்கத்தில். அவனைக் கண்டால் கிழவி எழுந்து போவாள் என்று நினைத்துச் சுவரோரம் ஒதுங்கினான். அவள் எழவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், பேசவும் செய்தாள்.

"மருமவனே, இனி ஒமக்குத் தர எனக்கு ஆம்பளப் பிள்ள இல்ல."

குரல் உயரவில்லை. ஜெபமலர் தாயின் கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் பேச்சிமுத்துவின் கடை அங்கேதான் இருக்கிறது. ராடு முறிந்த எஞ்சின்கள் வருகின்றன, பழைய முறையிலேயே புது ராடு மாட்டிக் கொடுக்கிறான். குழாய் மாட்டும் இடம் வந்தால் மட்டும் கையை எடுத்துவிட்டு, எந்த எண்ணெய் என்று எஞ்சின்காரனிடம் வாய்விட்டுக் கேட்கிறான். தெரிந்ததைத்தானே கேட்கிறாய் என்று சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபமலர் படுக்கையோடு கிடக்கிற தம்பியைத் திருப்பிப் படுக்கவைக்கத் தாய் வீட்டுக்குப் போவாள். அவன் தெருமுனை வரைக்கும் கூடப் போய், அங்கிருந்து திரும்பிவிடுவான்.