காயம் எதுவும் இல்லை

என் மகளுக்குப் பதினைந்து வயது. வரலாற்று ஆசிரியை வகுப்பில் ஆளுக்கொரு பழைய குடும்பத்தைக் கொடுத்து, அதன் வம்ச மரத்தை வரையச் சொல்லியிருந்தார். இவளுக்குக் கிடைத்தவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தெற்கு ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு பிரபு. ஆற்றோரம் சின்னக் கோட்டை, இரண்டு மனைவிகள், பதினோரு பிள்ளைகள். கடல் கடந்து வந்து குடியேறிய ரானுயியில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் அந்த அட்டைதான் கிடந்தது. பிறப்புக்கு நட்சத்திரம், இறப்புக்குச் சிலுவை. அத்தனை சிலுவைகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விடுவேன்.

"அப்பா, இதைப் பாருங்க," என்றாள் ஒருநாள். "இவரோட தம்பி குதிரையில போகும்போது விழுந்து செத்துட்டார். மூத்த மகன் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது. ரெண்டு பேருக்கும் காயம் எதுவும் இல்லைன்னு பாதிரியார் எழுதியிருக்கார். ஆனா மகனோட கல்லறையில, போரில் இறந்தான்னு செதுக்கியிருக்காங்க. எதுக்குப் பொய்?"

"பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகணும்ல," என்றேன், யோசிக்காமல்.

பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா ஒரு ஊகம்."

ஊகம் இல்லை. என் அண்ணன் பத்தொன்பது வயதில், கல்லூரி மைதானத்தில் பந்து வீச ஓடிவரும்போது விழுந்தான். எழவில்லை. அக்காவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக் கோளாறு உள்ள குடும்பம் என்று பேர் வந்தால் யார் பெண் எடுப்பார்கள்? மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடுவோம் என்றார் அப்பா. எல்லோரும் அப்படியே சொன்னோம். என் மனைவியிடமும் அதையே சொல்லியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மூவரும் ரயிலடிக்குப் போனோம். ரயில் வந்து நின்றுவிட்டது. மகள் முன்னால் ஓடினாள். "நான் கதவைப் பிடிச்சுக்கறேன், சீக்கிரம் வாங்க தாத்தா!" என்று என்னைக் கேலி செய்தாள். இரண்டடி போனாள். அப்படியே மடிந்து விழுந்தாள்.

ஒரு நிமிடத்துக்குள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்கிறாள் மனைவி. எனக்குத் தெரியாது. கழன்று கிடந்த அவளுடைய ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்த் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?

"இல்லை," என்றேன். முப்பது வருடப் பழக்கம். நாக்கு தானாகச் சொன்னது.

காலையில் சாப்பிடாமல் ஓடியதால் இருக்கலாம், சற்று நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அவர் திரையைத் தள்ளினார். மகள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா, முகத்துல அடிபட்டிருக்கா?"

"இல்லம்மா. காயம் எதுவும் இல்லை."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவளும் என்னையே பார்த்தாள். போய்க்கொண்டிருந்த டாக்டரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அண்ணனைப் பற்றி மகள் முன்னால், மனைவி முன்னால், நின்றபடியே சொன்னேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இ.சி.ஜி. தாளை மறுபடி எடுத்தார்.

"மஞ்சள் காமாலைன்னீங்க," என்றாள் மனைவி. "பதினெட்டு வருஷமா மஞ்சள் காமாலைன்னீங்க."

அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை. ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பில் கோளாறு, பரம்பரையாக வருவது. தினமும் மாத்திரை, ஓடக் கூடாது. ரத்த சொந்தங்கள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நானும் பரிசோதனை செய்துகொண்டேன். திருச்சியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இப்ப எதுக்குடா அதைக் கிளறுற? என் பொண்ணுக்கு ஜாதகம் பொருந்தியிருக்கு. நல்ல இடம். கல்யாணம் முடியட்டும்."

"அக்கா, உன் பொண்ணு தினமும் காலையில ஓடப் போறாளே."

"வாயைக் கழுவு," என்று வைத்துவிட்டாள்.

மூன்று வாரமாகிறது. இதற்கிடையில் மகள் இன்னொரு அட்டை எடுத்து எங்கள் குடும்பத்தை வரைந்துவிட்டாள். பெரியப்பாவுக்கு ஒரு சிலுவை. பக்கத்தில், ஓடும்போது விழுந்தார், இதயம், என்று எழுதியிருக்கிறாள். இன்று அதைப் படம் எடுத்து, அக்காவுக்கு இல்லை, அக்கா மகளுக்கே அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இல்லை. இங்கே மதியம். அங்கே திருச்சியில் அதிகாலை, அவள் ஓடக் கிளம்பும் நேரம்.