யான்புவில் ஒரு டச்டவுன்

ஆறு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அதற்குச் சம்பளமும் வாங்கினார். எங்கள் சூப்பரின்டெண்டெண்டின் பழைய வாழ்க்கையை கேம்ப்பில் கேட்டவர்களுக்கு நான் இப்படித்தான் சுருக்கிச் சொல்வேன். அந்த வேலைக்கு விசா கிடைக்குமா என்பதுதான் எல்லோருடைய அடுத்த கேள்வி.

எழுபதுகளின் கடைசி. சவுதியின் யான்புவில் அப்போது செங்கடல் இருந்தது, காற்று இருந்தது, கிரேன்கள் இருந்தன, வரப்போகும் ஆலைகளுக்காகத் தோண்டிய குழிகள் இருந்தன. நான் சைட் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவர் அமெரிக்கர், கான்கிரீட் வேலைக்கெல்லாம் தலைவர். அதற்கு முன்னால் தன் நாட்டில் தொழிலாகவே ஃபுட்பால் ஆடியவர். நாம் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை; கையால் எறிந்து, பிடித்து, ஓடி, விழுந்து புரளுகிற ஃபுட்பால். அதில் பந்தை எறிகிறவருக்கு க்வார்ட்டர்பேக் என்று பெயர். இவர் இரண்டாவது க்வார்ட்டர்பேக். முதலாமவருக்கு அடிபட்டால்தான் இவர் இறங்கலாம். முதலாமவருக்கு ஆறு வருடமும் ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு முறை இறக்கினார்கள். தோல்வி உறுதியான ஆட்டம், கடைசி நிமிடங்கள். எறிந்தார். எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒருவன் பிடித்தான். டச்டவுன்! அரங்கமே எழுந்து நின்றது. நடுவர் கொடியை வீசினார். இவருடைய அணிக்காரனே ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தானாம். செல்லாது. அதோடு சரி. எனக்குக் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைப் பார்த்து, "அவன் மட்டும் அந்தச் சட்டையை விட்டிருந்தால்..." என்பார். ஒருமுறை சிமென்ட் ஆர்டரில் அதையும் சேர்த்து டைப் அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அமெரிக்கர்கள் மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுவார்கள். விழுந்தால் தோல் உரியும் என்பதால் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. பந்து வைத்திருப்பவனை இரண்டு கையாலும் தொட்டால் போதும், ஓட்டம் அங்கே நின்றுவிடும். அந்த வாரம் துறைமுகப் பக்கத்து அமெரிக்கர்களோடு ஆட்டம். அடுத்த வாரம் இவருக்கு ஒப்பந்தம் முடிந்து ஊர்ப் பயணம்.

"இனி நான் எங்கே எறியப்போகிறேன்? செல்லுபடியாகும் டச்டவுன் ஒன்று போதும் எனக்கு. ஒன்றே ஒன்று" என்றார்.

அந்த வாரம் பார்த்து, பந்தைப் பிடித்து ஓடுகிறவன் லீவில் போய்விட்டான்.

வியாழக்கிழமை சைட்டில் அண்ணாந்து பார்த்தார். கீழேயிருந்து கட்டுக்கம்பிச் சுருள்களை ஒருவர் வீசுகிறார். சாரத்தில் நிற்கும் கம்பி கட்டுகிறவர் பக்கத்து ஆளோடு பேசுவதை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், ஒற்றைக் கையில் வாங்கி வாங்கி வைக்கிறார். ஒன்றுகூடத் தவறவில்லை. சூப்பரின்டெண்டெண்ட் என் தோளைப் பிடித்தார். வலித்தது.

"எனக்கு அந்தக் கைகள் வேண்டும்."

கைகளுக்குரியவர் ராமநாதபுரம் பக்கம். பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பந்தா சார்? உரிக்காத தேங்கா மாதிரியில்ல இருக்கு."

"பிடிப்பீங்களா?"

"தேங்காயப் புடிச்சுக்கிருவேன். புடிச்சு என்ன செய்யணும்?"

தப்பு இங்கேதான் நடந்தது, செய்தவன் நான். அந்த ஆட்டத்தின் விதிகள் எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்கிற வயதும் அல்ல.

"சடுகுடு ஆடியிருக்கீங்கல்ல? அதே மாதிரிதான். தொட வருவாங்க. மாட்டாம அந்தக் கோடு வரைக்கும் போகணும்."

அவர் முகம் விரிந்தது. "அட, சடுகுடா! அதச் சொல்ல வேண்டியதுதான சார். எங்க தாலுகாவுல என்னைய மடக்க ஆளே கெடையாது."

"என்ன சொல்கிறார்?" என்றார் சூப்பரின்டெண்டெண்ட்.

"முழுக்கப் புரிந்துவிட்டதாம்."

வெள்ளிக்கிழமை. கம்பி கட்டுகிற கூட்டம் மொத்தமும் டீசல் டிரம்கள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம். நாங்கள் மூன்று டச்டவுன் பின்னால். சூப்பரின்டெண்டெண்ட் நாலடி பின்வாங்கி எறிந்தார்.

அந்தப் பந்து போன போக்கை என்ன சொல்ல. சுழன்றது, ஆனால் நடுங்கவில்லை. காற்றிடம் வழி கேட்காமல் போனது. எத்தனையோ வருடம் ஒரு கைக்குள்ளேயே அடைந்து கிடந்து, கதவு திறந்ததும் வெளியே வந்தது போல. கம்பிக்காரர் ஓடியபடியே வாங்கினார். எதிரே கோடு வரைக்கும் வெறும் மணல், குறுக்கே ஒரு ஆள் இல்லை.

அவர் நின்றார். தொடுவதற்கு யாருமில்லையே என்று இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு திரும்பி, மூச்சைக் கட்டி, "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று எதிரணி துரத்தி வந்த திசைக்கே பாய்ந்தார். ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்கு வயிறு, ஒருவனுக்குக் காது. நாலாமவனைக் காலால் தொட்டுவிட்டு, பந்தை எறிந்த இடத்துக்கே வந்து குப்புற விழுந்த பிறகுதான் ஒருவன் இரண்டு கையாலும் அவரைத் தொட்டான்.

டிரம்கள் அதிர்ந்தன. "நாலு அவுட்டு! நாலு அவுட்டு!"



"அந்த நாலு பேர வெளிய போகச் சொல்லுங்க சார்" என்றார் கம்பிக்காரர், மணலைத் துப்பியபடி.

சூப்பரின்டெண்டெண்ட் என் அருகே வந்து மிக மரியாதையாகக் கேட்டார். "அவரிடம் நீ என்னதான் சொன்னாய்?"

இன்னும் ஒரே ஒரு எறிதல் மிச்சம். நான் ஓடினேன்.

"யோவ், கோட்டைத் தாண்டணும்யா! தாண்டிட்டுத் திரும்பி வரக்கூடாது."

"வரக்கூடாதா?"

"வரவே கூடாது."

"போனவன் வந்து சேர வேணாமா? இது என்ன சார் வெளாட்டு!"

"அமெரிக்கா வெளாட்டு. நான் கூப்பிடற வரைக்கும் திரும்பாதீங்க."

கடைசி எறிதலில் அழகில்லை. காற்று தள்ளியது, பந்து தள்ளாடியது. கம்பிக்காரர் எகிறி, விரல் நுனியில் தட்டி, நெஞ்சோடு அணைத்து, ஒருவனுடைய கைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து கோட்டைத் தாண்டினார்.

சூப்பரின்டெண்டெண்ட் குதிக்கவில்லை. யாருடைய கையாவது யாருடைய சட்டையிலாவது இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாக் கைகளும் இடுப்பில் இருந்தன. துறைமுக அணியின் கேப்டன் தோளைக் குலுக்கி, "செல்லும்" என்றான். அப்போதுதான் இரண்டு கைகளையும் தூக்கினார். தூக்கியவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமேல் வைத்துக்கொண்டார்.

கம்பிக்காரர் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருந்தார். பைப் அடுக்கு குறுக்கே வந்ததும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சூப்பரின்டெண்டெண்ட் அவ்வளவு தூரமும் தனியாக நடந்து போனார். கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நிறையப் பேசினார். அங்கிருந்து எனக்குக் குரல் வந்தது.

"சார்! இவரு அழுகுறாரு! செயிச்சமா, தோத்தமா?"

"தோத்துட்டோம்! வாங்க!"

கம்பிக்காரர் எழுந்தார். சூப்பரின்டெண்டெண்டின் முதுகை, எட்டிய மட்டும், தடவிக்கொடுத்தபடியே அழைத்து வந்தார்.

"விடுங்க சார். இதுக்குப் போயி... வர்ற வெள்ளிக்கெழம பாத்துக்கிருவோம்."

அவரும், "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.