ஒரு சஹனில் ஆறு டாக்டர்

நுஸ்ரா மாத்தளை டவுனில் புடவைக் கடை வைத்திருந்தவரின் கடைசி மகள். சின்ன வயதிலிருந்தே எடுத்த காரியத்தை விடமாட்டாள். அந்தப் பிடிவாதத்துக்கு ஏற்ற வேலையாகத்தான் கிடைத்தது. மலைநாட்டில் பிள்ளைகளுக்கான ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளைத் தொடர்பு அதிகாரியாக எடுத்துக்கொண்டது. ஊர்களில் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர்மாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பேச்சு அறுந்துபோகாமல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு என்று ஒன்று இருந்தால்தானே அறுவதற்கு. வில்கமுவ, லக்கல போன்ற தூரத்து ஊர்களில் இருக்கும் டாக்டர்கள் சுகமில்லாத பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு பிள்ளை என்ன ஆனது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி அனுப்பும் மின்னஞ்சல்களையோ அவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. நுஸ்ரா பலாபத்வலயில் மண்டபம் பிடித்து இரண்டு முறை கூட்டம் போட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், ஊர் டாக்டர்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். திரையில் ஓடியதைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்கு நாள் குறித்தபோது, "இந்த முறையும் இப்படித்தான்னா கூட்டத்தையே நிப்பாட்டிருவோம்," என்றார் ஆஸ்பத்திரிப் பணிப்பாளர்.

நுஸ்ராவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு டாக்டருக்கும் தானே போன் போட்டு, வருகிறேன் என்ற வாக்கை வாங்கிய பிறகுதான் விட்டாள். சமையல்கார ஸக்கரியா மாமாவிடமும், "முக்கியமான ஆக்கள் மாமா, மரியாதையாக் குடுக்கணும்," என்று சொல்லி வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

ஞாயிறு காலை முழுக்க மண்டபத்தில் பழைய மௌனமே. சாப்பாட்டைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே பார்சல் ஒன்றையும் காணோம். வரிசை வரிசையாகச் சஹன்கள் இருந்தன. கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுகிற பெரிய தட்டங்கள் அவை. நெய்ச்சோறு குவித்து, நடுவில் முழுக் கோழி. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சஹன் தனியாக இருந்தது.

"பார்சல் எங்க மாமா?"

"மரியாதையாக் குடுக்கச் சொன்னது நீங்கதானே மகள். பார்சல்ல என்ன மரியாத ஈக்குது?"

அழுவதா சிரிப்பதா என்று யோசிக்க நேரமில்லை. மண்டபத்தில் பாய்கள் விரித்தாயிற்று. கை கழுவி வந்தவர்களை வந்த வரிசையிலேயே ஆறு ஆறு பேராக உட்காரவைத்தார் ஸக்கரியா. அவருக்குப் பெரிய டாக்டரும் ஒன்றுதான், ஊர் டாக்டரும் ஒன்றுதான். டை கட்டியவர்கள் காலை மடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒரே தட்டில் கை போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி? மண்டபம் சந்தைக்கடை ஆயிற்று. நுஸ்ராவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. சோற்றுச் சட்டியோடு சஹனுக்குச் சஹன் ஓடினாள்.

ஒரு சஹனில் ஆஸ்பத்திரியின் இதய நோய் டாக்டர் சந்திரகாந்தா கோழியைப் பிய்த்துப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தவரின் பக்கம் ஒரு துண்டைத் தள்ளி, "நீங்க எந்த ஊர்?" என்றார்.

"வில்கமுவ, மேடம். பேர் கணபதி."

"வில்கமுவவா? அங்கயிருந்து தினுஷான்னு ஒரு பிள்ளை வந்துச்சு. இதயத்தில ஓட்டை. ஒப்பரேஷனுக்குத் தேதி குடுக்க வரச் சொன்னோம், வரவே இல்ல. போன் நம்பரும் மாறிப்போச்சு. இனியும் தள்ளிப்போட முடியாது."

கணபதியின் கை சோற்றிலேயே நின்றது. "அவளை அனுப்பினதே நான்தான் மேடம். போன கிழமையும் சளி, தடிமன்னு என்கிட்ட வந்தா. நீங்க பார்த்துச் சுகமாக்கி அனுப்பிட்டீங்கன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். யாருமே ஒண்ணும் சொல்லலியே."

சந்திரகாந்தா கையிலிருந்த கோழித் துண்டைக் கீழே வைத்தார். "தாயோட நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கணபதியின் கையெல்லாம் சோறு. நுஸ்ரா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நம்பரைப் போட்டு, அவர் காதருகே பிடித்தாள். தாய் எடுத்தாள். கணபதி சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். மறுபக்கம் பேசியது நுஸ்ராவுக்கும் பக்கத்திலிருந்த சந்திரகாந்தாவுக்கும் கேட்டது.

"போனேனே டாக்டர். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, போய்ச் சேரவே பகலாகிடும். ஒவ்வொரு தரமும் வேற வேற ஆள், வேற வேற இடம். என்ன சொன்னாங்கன்னே விளங்கல. அதான் விட்டுட்டேன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில எங்களுக்கு யாரைத் தெரியும்?"

கணபதி நிமிர்ந்து சந்திரகாந்தாவைப் பார்த்தார். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒருத்தரைத் தெரியும்," என்றார் கணபதி. "இப்ப அவங்களோட ஒரே சஹன்ல சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."



"அப்படின்னா நாளைக்கே பிள்ளையை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் தாய்.