ஜெயசிங் சார் வராத கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லிபாபு போன் செய்தார். எங்கள் அலுவலகத்தில் பல வருடம் பியூனாக இருந்தவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர். "மேடம், நம்ம ஜெயசிங் சார் பூட்டாரு. காத்தால டீ குடிச்சிகினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றார். "மேடம், லைன்ல கீறீங்களா?" என்று கேட்டவர் அழ ஆரம்பித்தார்.

தாம்பரம் காப்பீட்டு அலுவலகத்தில் ஜெயசிங் சாரோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாலிசி சந்தேகத்தோடு அவர் மேஜைக்கு வந்தவர்களைவிட ஓட்டல் சந்தேகத்தோடு வந்தவர்கள்தான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். டெல்லியிலிருந்து சம்பந்தி வருகிறார், எங்கே சாப்பிட அழைத்துப் போவது? மேலதிகாரிக்கு மாற்றல், பார்ட்டிக்கு விஸ்கி வாங்குவதா பிராந்தி வாங்குவதா? எடுத்த எடுப்பில் பதில் சொல்லமாட்டார். "யார் யார் வர்றாங்க? வயசு என்ன? இதுல யாருக்கு யாரோட பேச்சுவார்த்தை இல்லை?" என்று விசாரிப்பார். கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் அவர் வாயிலிருந்து ஓட்டல் பெயரைப் பிடுங்க முடியாது. "நல்ல சாம்பார் எங்கேயும் கிடைக்கும். மனுஷங்க முகம் கொடுத்துப் பேசுற இடம்தான் கிடைக்காது" என்பார்.

சேலையூரில் அவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வெகு முன்பே கறுப்புத் திராட்சையைப் பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். ஒயின் எப்படிப் போடுவது என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். ஜாடியில் துளி ஈரம் இருக்கக் கூடாது. இனிப்புப் போதுமா என்று தினமும் திறந்து பார்க்கக் கூடாது. "தெருவுக்குத் தெரு ஒயின்ஸ்னு போர்டு மாட்டியிருக்கான். உள்ளே போய் ஒயின் கேட்டுப் பாரு, உன்னை ஒரு மாதிரியா பார்ப்பான்" என்று சிரிப்பார். இவ்வளவு தெரிந்தவர் மொடாக்குடியராகத்தான் இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பண்டிகைக்கு ஒரு சின்ன கிளாஸ், அவ்வளவுதான் அவர் கணக்கு. பார்ட்டிகளில் ஒரே கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சாப்பிடாமல் குடிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தட்டை நீட்டிக்கொண்டிருப்பார்.

வரதனை மறந்திருக்கமாட்டீர்கள். வீட்டில் தெரியாதபடி வாசனை வராத சரக்கு எது என்று ஒரு நாள் அவரிடம் கேட்டான். "உனக்கு நான் சொல்ற சரக்கு கோலி சோடா. பிடிக்கலையா, பன்னீர் சோடா குடி" என்றார். அத்தனை பேரும் சிரித்ததில் வரதன் முறைத்துக்கொண்டு அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். ஆனாலும் சம்பள நாள் சாயங்காலம் சார் அவன் கூடவே நடந்து, ஒயின்ஸ் கடையைத் தாண்டி ஸ்டேஷன் வரைக்கும் போய், அவனை ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி என் கதை. இதில் பாதி உங்களுக்குத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் நானும் டேனியலும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தோம். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் வேலை பார்த்தார். என் அப்பா கிருத்திகை தவறாமல் குன்றத்தூர் மலை ஏறுகிறவர். மதம் ஒரு பக்கம் இருக்கட்டும், குடி என்ற பேச்சே அவருக்கு ஆகாது. குடியால் தன் அண்ணனைப் பறிகொடுத்தவர். நான் அழுது, அம்மா அழுது, கடைசியில் ஒரே ஒரு தடவை டேனியல் வீட்டாரைப் பார்க்கச் சம்மதித்தார். "சரிப்படலேன்னா எழுந்து வந்துடுவேன். அதுக்கப்புறம் இந்த வீட்ல இந்தப் பேச்சே வரக் கூடாது" என்று சித்தப்பா முன்னால் சொல்லிவிட்டார்.

யாரும் யார் வீட்டுக்கும் போகத் தயாராக இல்லை. எங்கே சந்திப்பது என்று சாரிடம்தான் போய் நின்றேன். குரோம்பேட்டையில் ஒரு சைவ ஓட்டலின் ஏ.சி. ஹாலைச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் தெரிந்தவர்கள் வராத இடம். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படாமல் உள்பக்க மேஜை. நடுவில் உட்காரத் தானும் வருவதாகச் சொன்னார். "வெறுங்கையோட வராதீங்க" என்று டேனியலின் அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினார். என்ன கொண்டு வர வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் யோசித்தவர் அதை யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அது. டேனியலின் அம்மா ஒரு கூடையோடு வந்தார். பழம், கேக், கூடவே கலர் பேப்பர் சுற்றிய பாட்டில். அதை எடுத்து அப்பா முன்னால் வைத்து, "அண்ணா, வீட்டுலயே போட்டது. நல்ல காரியத்துக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார். அவர்கள் வீட்டில் அதைவிட மரியாதை கிடையாது. அப்பா, "என்னம்மா இது?" என்றார். "ஒயின், அண்ணா." அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சித்தப்பா எழுந்தே விட்டார். என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சார் எட்டி அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டார். "இதைப் போய் இங்கே வச்சிட்டீங்களே அக்கா! சார், தப்பா நினைக்காதீங்க, இது என்னோடது. நான்தான் அக்காகிட்ட கேட்டு வாங்கினேன். இது இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இடம் பொருள் வேண்டாமாய்யா?" என்று அதட்டினார். "தப்புதான் சார்" என்று சார் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இட்லி வந்தது. பேச்சு தொடர்ந்தது.

தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தக் குடிகாரர் கல்யாணத்துக்கு வரக் கூடாது. நான் சாரிடம் போய் அழுதேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொன்னா உன் மாமியார் தலையில போய் விடியும். நீ அந்த வீட்ல வாழணும். நான் இங்கே க்ளெய்ம் பார்த்துக்கிட்டுதானே இருக்கப் போறேன், விடு" என்றார். அதோடு விடாமல் சமையல்காரரை அவரே பார்த்து வைத்தார். பந்தியில் எதற்குப் பிறகு எது வர வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். முகூர்த்தத்தன்று அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்குத் திரும்பிய அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "பாயசம் கெட்டியாயிடலையே?"

அடுத்த வருடமே அம்மா தவறிவிட்டார், அப்போதிருந்து அப்பா எங்களோடுதான் இருக்கிறார். சாரைச் சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம், "பெரியவர் இருக்கிற வீடு, வேணாம்மா" என்று மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் அப்பாவிடம் போனேன். இத்தனை வருடம் கழித்து மாமியார் மேல் அவருக்குக் கோபம் வராது என்று நினைத்து முழுவதும் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. அந்தம்மா அண்ணான்னு கூப்பிட்டது என்னைத்தானே? எனக்கென்ன காது கேட்காதா?"

"அப்புறம் ஏன்ப்பா?"

"எழுந்து போயிடுவேன்னு உன் சித்தப்பன் முன்னால சொல்லியிருந்தேன். உங்க சார் அந்தப் பாட்டிலை எடுக்கலேன்னா எழுந்துதான் ஆகணும். உன் முகத்தைப் பார்த்தா கால் எழ மாட்டேங்குது. அந்த மனுஷன் நான் உட்கார ஒரு வழி பண்ணிக் கொடுத்தார். அவர் குடிகாரர் இல்லேன்னு ஒத்துக்கிட்டா, பாட்டிலைப் பார்த்தும் ஏன் உட்கார்ந்தேன்னு சொந்தக்காரங்க கேட்பாங்களே. அதனாலதான் அவரைக் குடிகாரர்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கல்லறைத் தோட்டத்துக்கு அப்பாவும் வந்தார். ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

சார் சொன்ன ஓட்டல்கள், ஒயின் பக்குவம் எல்லாம் உங்களில் பலரிடம் இருக்கும். என்னிடம் இருப்பது என் வீடு. டேனியல், இரண்டு பிள்ளைகள், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் என் அப்பாவும் என் மாமியாரும். தன் நல்ல பெயரைக் கொடுத்து அவர் எனக்கு வாங்கித் தந்தது இது. அந்த மேஜையில் அவருக்கு ஒரு வேளைகூட என் கையால் பரிமாற முடியவில்லை.